நான்காவது, ஐந்தாவது, பிறகு முதலாவது: 2020இல் பைடன் வேட்பாளர் ஆன கதை

கேள்வி இது. 2016இல் குடியரசுக் கட்சிப் பெருந்தலைகள் எவ்வளவோ முயன்றும் டொனால்ட் ட்ரம்ப் அதிபர் வேட்பாளர் ஆவதைத் தடுக்க முடியவில்லை. நான்கு வருடம் கழித்து ஜனநாயகக் கட்சியில் இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் முதல் மூன்று மாநிலங்களிலும் அதிக வாக்குகள் வாங்கினார். அயோவாவில் நான்காவதாகவும் நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவதாகவும் வந்த ஜோ பைடன் கடைசியில் வேட்பாளர் ஆனார். எப்படி? மேலிடம் சதி செய்ததா?

சுருக்கமாகச் சொன்னால், 2020இல் விலக வேண்டியவர்கள் சரியான நாளில் விலகினார்கள். 2016இல் விலகவில்லை. யார் விலக வேண்டும் என்பதைத் தெளிவாகக் காட்டியது மேலிடம் அல்ல, தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்கள். சதி என்று சொல்பவர்கள் இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் எப்போதும் தாண்டிப் போகிறார்கள். விரிவாகப் பார்ப்போம்.

வேட்பாளரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் இன்றைய ப்ரைமரி முறைக்கு அப்படியொன்றும் வயதாகிவிடவில்லை. 1968இல் துணை அதிபராக இருந்த ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரி எந்த மாநிலப் ப்ரைமரியிலும் களமிறங்காமலே சிகாகோ மாநாட்டில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஆனார். கட்சியின் மாநிலப் புள்ளிகள் கையைத் தூக்கினார்கள், அவ்வளவுதான். மாநாட்டு அரங்கத்துக்கு வெளியே வியட்நாம் போரை எதிர்த்த இளைஞர்களைப் போலீஸ் அடித்துக்கொண்டிருந்தது. நவம்பரில் ஹம்ஃப்ரி நிக்சனிடம் தோற்றார். அதன் பிறகுதான் விதிகளை மாற்ற ஜார்ஜ் மெக்கவர்ன் தலைமையில் குழு போட்டார்கள். புது விதியில் 1972இல் வேட்பாளர் ஆனவர் அதே மெக்கவர்ன். 50 மாநிலங்களில் 49ஐ இழந்தார். மக்களிடம் முழுதாக விட்டால் வம்பு என்று பயந்து, 1980களின் தொடக்கத்தில் எம்.பி.க்கள், ஆளுநர்கள், கட்சி நிர்வாகிகள் ஆகியோருக்கு மாநாட்டில் தனி ஓட்டு கொடுத்தார்கள். சூப்பர் டெலிகேட் என்று சொல்வது இவர்களைத்தான்.

2016இல் ஹிலரி கிளின்டன், சாண்டர்ஸ் சண்டையில் இந்த சூப்பர் டெலிகேட்டுகள் பெரும் மனக்கசப்பை உண்டாக்கினார்கள். சாண்டர்ஸ் தரப்பின் நெருக்கடியால் 2018இல் விதி மாறியது: போட்டி இருக்கும்போது முதல் சுற்று வாக்கெடுப்பில் இவர்களுக்கு ஓட்டு கிடையாது. ஆக 2020இல் 'மேலிடம்' என்று நாம் சொல்லும் கூட்டத்துக்கு முதல் சுற்றில் கையில் ஒன்றுமே இல்லை. மாநாட்டில் ஓட்டுப் போட்டு வேட்பாளரை முடிவு செய்யும் 3,979 பிரதிநிதிகளில் (டெலிகேட்டுகள்) 1,991 பேரை ஓட்டுப்பெட்டி வழியாகத்தான் ஒருவர் சேர்க்க வேண்டும். சதிக் கதையை நம்புவதற்கு முன் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கணக்கு. இரண்டு கட்சிகளும் பிரதிநிதிகளைப் பங்கு போடும் விதம் வேறு வேறு. ஜனநாயகக் கட்சியில் எல்லா மாநிலத்திலும் விகிதாசாரம்தான். ஆனால் 15 சதவீதம் தொடாதவருக்கு ஒன்றும் கிடையாது. 2020 நியூ ஹாம்ப்ஷயரைப் பாருங்கள். சாண்டர்ஸ் 25.6 சதவீதம், முன்னாள் மேயர் பீட் புட்டஜெஜ் 24.3, செனட்டர் ஏமி க்ளோபுசார் 19.7, இடதுசாரி செனட்டர் எலிசபெத் வாரன் 9.2, பைடன் 8.4. மொத்தம் 24 பிரதிநிதிகள். சாண்டர்ஸுக்கு 9, புட்டஜெஜுக்கு 9, க்ளோபுசாருக்கு 6. வாரனுக்கும் பைடனுக்கும் பூஜ்யம். முதலாவதாக வந்தவருக்கும் இரண்டாவதாக வந்தவருக்கும் சமமான பங்கு. ஏறத்தாழ ஆறில் ஒருவர் போட்ட ஓட்டு, அதாவது வாரனும் பைடனும் வாங்கியது, எங்கேயும் போய்ச் சேரவில்லை.

இப்போது 2016 குடியரசுக் கட்சியின் தென் கரோலினாவுக்கு வாருங்கள். ட்ரம்ப் 32.5 சதவீதம். அவரை எதிர்த்த செனட்டர்கள் மார்கோ ரூபியோ 22.5, டெட் க்ரூஸ் 22.3. அங்கே மாநில அளவில் முதலாவது வருபவருக்கு 29, ஏழு நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒவ்வொன்றிலும் முதலாவது வருபவருக்கு மும்மூன்று. ட்ரம்ப் ஏழிலும் முதலிடம். ஆக மூன்றில் ஒரு பங்கு ஓட்டுக்குக் கிடைத்தது 50க்கு 50. ரூபியோவுக்கும் க்ரூஸுக்கும் சேர்த்து ட்ரம்பை விட அதிக ஓட்டு, ஆனால் ஒரு பிரதிநிதிகூட இல்லை.

இந்த இரண்டு உதாரணத்தையும் வைத்துப் பார்த்தால் மீதிக் கதை பாதி புரிந்துவிடும். எதிர்ப்பு ஓட்டு சிதறிக் கிடந்தால், குடியரசுக் கட்சி விதிப்படி முன்னணியில் இருப்பவர் அள்ளிக்கொண்டு போகலாம். ஜனநாயகக் கட்சியில் அப்படி அள்ள முடியாது. ஆனால் அங்கே வேறொரு ஆபத்து உண்டு. ஒருவர் நானூறு, ஐநூறு பிரதிநிதிகள் முன்னே போய்விட்டால் அப்புறம் துரத்திப் பிடிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். பின்னால் வருபவர் பெரிய மாநிலத்தில் ஜெயித்தாலும், தோற்றவரும் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய்விடுவாரே. 2020 பிப்ரவரி கடைசியில் சாண்டர்ஸ் எதிர்ப்பாளர்களின் பயமே இதுதான்: பல மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போடும் மார்ச் 3 'சூப்பர் செவ்வாய்' அன்று அவர் அந்த இடைவெளியை எடுத்துவிட்டால் கதை முடிந்தது.

2016க்குத் திரும்புவோம். களத்தில் 17 பேர். ட்ரம்புக்கு எதிராக இருந்த ஒவ்வொருவரும் ஒரே கணக்கைப் போட்டார்கள்: மற்றவர்கள் விழட்டும், கடைசியில் நானும் ட்ரம்பும் மட்டும் மிஞ்சினால் நான்தான் ஜெயிப்பேன். அதனால் ட்ரம்பை விட்டுவிட்டு ஒருவரையொருவர் அடித்தார்கள். ஃப்ளோரிடாவின் முன்னாள் ஆளுநர் ஜெப் புஷ்ஷுக்காக 10 கோடி டாலருக்கு மேல் திரட்டிய குழு, அதில் கணிசமான பணத்தை அவருடைய சக ஃப்ளோரிடாக்காரரான மார்கோ ரூபியோவைத் தாக்கும் விளம்பரங்களுக்குச் செலவழித்தது. நியூ ஹாம்ப்ஷயருக்கு மூன்று நாள் முன் நடந்த விவாதத்தில் நியூ ஜெர்சி ஆளுநர் க்றிஸ் க்றிஸ்டி, ரூபியோ மனப்பாடம் செய்த ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்று மேடையிலேயே பிடித்தார். ரூபியோ பதிலுக்கு மறுபடியும் அதே வாக்கியத்தைச் சொன்னார். பார்க்கவே பாவமாக இருந்தது. நியூ ஹாம்ப்ஷயரில் ரூபியோ ஐந்தாவது இடம். அடித்த க்றிஸ்டி அடுத்த நாளே போட்டியிலிருந்து விலகி, அதே மாதக் கடைசியில் ட்ரம்ப் பக்கம் போய் நின்றார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே ஊர் பதினேழாகப் பட்டிருந்தது.

ரூபியோ மார்ச் 15 வரை நின்றார். அன்று அவருடைய சொந்த ஃப்ளோரிடாவில் ட்ரம்ப் 45 சதவீதத்துக்கு மேல் வாங்கி 99 பிரதிநிதிகளையும் எடுத்துக்கொண்டார். அப்புறமும் டெட் க்ரூஸும் ஓஹையோ ஆளுநர் ஜான் கேசிக்கும் தனித்தனியாக நின்றார்கள். ஏப்ரல் கடைசியில்தான் இருவரும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள்: இண்டியானாவை க்ரூஸுக்கு விடுவது, ஓரிகனையும் நியூ மெக்சிகோவையும் கேசிக்குக்கு விடுவது. மறுநாளே கேசிக், இண்டியானாவில் தன் ஆதரவாளர்கள் தனக்கே ஓட்டுப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். உடன்பாடு அதோடு சரி. மே 3 அன்று இண்டியானாவில் ட்ரம்ப் ஜெயித்ததும் க்ரூஸ் விலகினார், அடுத்த நாள் கேசிக். ட்ரம்ப் ஒரு மாநிலத்தில் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கியதே ஏப்ரல் 19 நியூயார்க்கில்தான். அதற்குள் எல்லாம் கை மீறிப் போயிருந்தது.

இதைப் படித்துவிட்டு, எல்லோரும் ஜனவரியிலேயே ஒன்று சேர்ந்திருந்தால் ட்ரம்ப் தோற்றிருப்பார் என்று முடிவுக்கு வந்துவிட வேண்டாம். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. க்ரூஸின் ஆதரவாளர்களில் பலருக்கு ரூபியோவைவிட ட்ரம்பைத்தான் பிடித்தது. குடியேற்றம், வணிக ஒப்பந்தங்கள் என்று கட்சித் தொண்டன் கேட்க விரும்பியதை வேறு யாரும் அந்தக் குரலில் சொல்லவில்லை. சேர்ந்திருந்தால் போட்டியாவது இருந்திருக்கும் என்பது மட்டும் உறுதி.

சரி, 2020. இந்த முறை கூட்டம் இன்னும் பெரிது. 2019 ஜூனில் மயாமியில் நடந்த முதல் விவாதத்துக்கு 20 பேர். ஒரே மேடையில் அடங்காமல் இரண்டு இரவாகப் பிரித்தார்கள். இரண்டாவது இரவில்தான் கமலா ஹாரிஸ், 1970களில் பள்ளிகளில் இனப்பிரிவினையை ஒழிக்கப் பேருந்தில் பிள்ளைகளை மாற்றி அனுப்பும் திட்டத்தை பைடன் எதிர்த்ததைக் கிளறி, அப்படிப் பேருந்தில் போன சிறுமி நான்தான் என்று சொல்லி அவரைத் திணறடித்தார். மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரம் வரைக்கும் நம்மூர்ப் பத்திரிகைகள் அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊரைத் தேடிப்போகத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான். ஆனால் அந்த ஏற்றம் நீடிக்கவில்லை. மருத்துவக் காப்பீட்டில் அவர் நிலைப்பாடு மாறிக்கொண்டே இருந்தது. அரசு வழக்கறிஞராக இருந்தபோது செய்தவற்றை இடதுசாரிகள் விடவில்லை. சாண்டர்ஸ், வாரன் பக்கம் சேர்வதா, பைடன் பக்கம் சேர்வதா என்று தெரியாத இரண்டுங்கெட்டான் நிலை. பணம் தீர்ந்தது. ஒரு மாநிலம்கூட ஓட்டுப் போடுவதற்கு முன், 2019 டிசம்பர் 3 அன்று விலகினார். சரியான நேரத்தில் விலகியதால்தான் அவருக்கு எதிரிகள் குறைவாக இருந்தார்கள், எட்டு மாதத்தில் துணை அதிபர் வேட்பாளராகவும் முடிந்தது என்பது என் கணிப்பு.

2020 பிப்ரவரி 3, அயோவா. அங்கே அப்போது ரகசிய வாக்குச்சீட்டு கிடையாது. காக்கஸ் என்பது ஊர்க்கூட்டம். பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடம், தேவாலயக் கூடம் போன்ற இடங்களில் மாலை ஏழு மணிக்குக் கூடுவார்கள். இந்த மூலையில் சாண்டர்ஸ் ஆட்கள், அந்த மூலையில் வாரன் ஆட்கள் என்று நின்று தலையெண்ணுவார்கள். பெரும்பாலான கூட்டங்களில் 15 சதவீதம் சேராத குழுவைக் கலைத்துவிடுவார்கள். அவர்களைத் தம் பக்கம் இழுக்கப் பக்கத்துவீட்டுக்காரர்கள் வந்து பேரம் பேசுவார்கள். பார்க்க அழகான ஜனநாயகம். ஆனால் அன்று இரவு முடிவுகளை அனுப்பக் கொடுத்த செயலி வேலை செய்யவில்லை. தொலைபேசியில் சொல்லலாம் என்றால் இணைப்பு கிடைக்காமல் பூத் பொறுப்பாளர்கள் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். முடிவு தெரிய நாட்கள் பிடித்தன. புட்டஜெஜ் 26.2, சாண்டர்ஸ் 26.1 என்று மாநிலப் பிரதிநிதிக் கணக்கு. நேரடித் தலைக்கணக்கில் சாண்டர்ஸ் முன்னிலை. பைடன் 15.8 சதவீதத்தோடு நான்காவது. இந்தக் குளறுபடியால் அதிகம் நஷ்டப்பட்டவர்கள் புட்டஜெஜும் சாண்டர்ஸும். வெற்றி உரையை நாடே பார்க்கும் அந்த ஒரு இரவு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதிகம் லாபம் அடைந்தவர் பைடன். அவருடைய தோல்வியைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை.

எட்டு நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷயரில் அவர் வாங்கிய 8.4ஐ மேலே பார்த்தோம். அன்று முடிவு வருவதற்கு முன்பே அவர் விமானம் ஏறித் தென் கரோலினாவுக்குப் போய்விட்டார். அதுவரை ஓட்டுப் போட்ட இரண்டு மாநிலங்களும் பெரும்பாலும் வெள்ளையர்கள் வாழ்பவை, ஜனநாயகக் கட்சியின் முதுகெலும்பான கறுப்பின மக்கள் இன்னும் பேசவே இல்லை என்பதுதான் அந்த இரவில் அவர் சொன்ன சாரம். தோற்றவர் சொல்லும் சமாதானம் என்று பல பேர் சிரித்தார்கள்.

பிப்ரவரி 19, லாஸ் வேகாஸ் விவாதம். நியூயார்க் முன்னாள் மேயர், பெரும்பணக்காரர் மைக்கேல் ப்ளூம்பெர்க் முதல்முறையாக மேடை ஏறினார். அவர் நிறுவனத்தில் பெண்கள் கையெழுத்திட்ட வாய்ப்பூட்டு ஒப்பந்தங்களைப் பற்றிக் கேட்டு வாரன் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார். எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது அதுதான். எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசியில் வந்த ஒரு கேள்வி. யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல் மாநாட்டுக்குப் போனால், அதிகப் பிரதிநிதிகள் வைத்திருப்பவரே வேட்பாளர் ஆக வேண்டுமா? சாண்டர்ஸ் மட்டும்தான் ஆம் என்றார். மற்ற ஐந்து பேரும் விதிப்படி நடக்கட்டும் என்றார்கள். சாண்டர்ஸ் தரப்பின் மொத்தத் திட்டமும் அந்த ஒரு பதிலில் தெரிந்துவிட்டது: எதிரிகள் சிதறிக் கிடக்கும்வரை முப்பது சதவீதமே போதும். மூன்று நாளில் நெவாடாவில் அவர் பெரிய வெற்றி பெற்றார், லத்தீன் மக்கள் ஓட்டுகளை அள்ளினார். அன்றைக்கு அவரைத் தவிர வேறு யாரும் வேட்பாளர் ஆக முடியும் என்று சொன்னவர்கள் குறைவு.

பிறகு தென் கரோலினா. அந்த மாநிலத்தின் ஜிம் க்ளைபர்ன், அப்போது பிரதிநிதிகள் சபையில் கட்சியின் கொறடா, 1993 முதல் எம்.பி. தேர்தலுக்கு மூன்று நாள் முன் பைடனுக்கு ஆதரவு தெரிவித்தார். அவர் பிற்பாடு சொன்ன ஒரு சம்பவம் உண்டு. தன்னுடைய கணக்காளரின் இறுதிச் சடங்குக்குத் தேவாலயத்துக்குப் போயிருக்கிறார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி கையசைத்துக் கூப்பிட்டு, யாருக்கு ஓட்டுப் போடப் போகிறாய், சத்தமாகச் சொல்ல விருப்பமில்லை என்றால் காதில் சொல் என்று கேட்டாராம். குனிந்து காதில் சொல்லியிருக்கிறார். நீ சொல்வதைக் கேட்கத்தான் இந்த ஊர் காத்திருக்கிறது என்று அந்த அம்மா சொன்ன பிறகுதான் வெளிப்படையாகப் பேசுவது என்று தீர்மானித்தாராம். அரசியல்வாதி சொல்லும் கதை, கொஞ்சம் மெருகு இருக்கலாம். ஆனால் விஷயம் எந்தத் திசையில் போனது என்பதைக் கவனியுங்கள். க்ளைபர்ன் கட்டளையிட்டு மக்கள் பைடனுக்குப் போடவில்லை. மக்கள் ஏற்கெனவே அந்தப் பக்கம் சாய்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது, இரண்டு மாநிலத்தில் அடிவாங்கி வந்தவருக்குப் போட்டால் ஓட்டு வீணாகாது என்ற உறுதி மட்டும்.

ஏன் பைடன்? ஒபாமாவுக்கு எட்டு வருடம் துணையாக நின்றவர் என்பது வெளிப்படையான காரணம். இன்னொன்றும் உண்டு. அந்த மாநிலத்தின் வயதான கறுப்பின வாக்காளர்கள் கொள்கைப் போட்டியாக இந்தத் தேர்தலைப் பார்க்கவில்லை. நவம்பரில் ட்ரம்பைத் தோற்கடிக்க வெள்ளைக்கார வாக்காளர்களும் சேர வேண்டும், அவர்கள் யாருக்குப் போடுவார்கள் என்று எடைபோட்டு, அதற்கேற்ற ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். பல தலைமுறையாகத் தெற்கில் வாழ்ந்தவர்களின் கணக்கு அது. இளம் தலைமுறைக்கு அது பிடிக்கவில்லை. சாண்டர்ஸ் அந்த இளைஞர்களோடு நன்றாகப் பேசினார்; ஆனால் 2016இலும் கிளின்டனிடம் பெரிய வித்தியாசத்தில் தோற்ற இந்த மாநிலத்தில், அவர்களுடைய பாட்டிமாரை நான்கு வருடத்தில் அவரால் நெருங்க முடியவில்லை.

பிப்ரவரி 29 முடிவு: பைடன் 48.6, சாண்டர்ஸ் 19.8, பெரும்பணத்தை அந்த மாநிலத்தில் கொட்டிய டாம் ஸ்டையர் 11.3. பிரதிநிதிகள் பைடனுக்கு 39, சாண்டர்ஸுக்கு 15, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. மூன்று முறை அதிபர் போட்டியில் இறங்கிய பைடனுக்கு அதுதான் முதல் மாநில வெற்றி.

அடுத்த எழுபத்திரண்டு மணி நேரம்தான் கதையின் திருப்பம். ஸ்டையர் அன்றிரவே விலகினார். மார்ச் 1 புட்டஜெஜ், மார்ச் 2 க்ளோபுசார். இரண்டு பேரும் அன்று மாலை டல்லாஸ் போய் பைடனுக்கு ஆதரவு சொன்னார்கள். டெக்ஸஸின் பெட்டோ ஓ'ரூர்க்கும் சேர்ந்துகொண்டார். அயோவாவில் முதலிடம் பிடித்தவர் ஒரு மாதத்துக்குள் பின்வாங்குகிறார் என்பது சாதாரண விஷயமில்லை. புட்டஜெஜ் விலகிய மார்ச் 1 இரவு ஒபாமா அவரிடம் தொலைபேசியில் பேசினார் என்று செய்தி வந்தது. இதை வைத்துத்தான் சதி என்கிறார்கள். பேசியிருக்கட்டுமே! கட்சித் தலைவர்கள் தங்களுக்குப் பிடித்தவருக்காக ஆள் சேர்ப்பதற்குப் பெயர் அரசியல். அதோடு, கறுப்பின மக்களிடம் தனக்கு ஆதரவே இல்லை என்பதைத் தென் கரோலினா முடிவிலேயே புட்டஜெஜ் பார்த்துவிட்டார். அடுத்த செவ்வாய் தெற்கு மாநிலங்கள் வரிசையாக வருகின்றன. 38 வயதுக்காரருக்கு எதிர்காலம் இருக்கிறது. தோற்று அசிங்கப்படுவதைவிட விலகி நன்றிக்கடன் சம்பாதிப்பது நல்லது. இதை அவருக்கு யாரும் ஃபோன் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

மார்ச் 3: பதினான்கு மாநிலங்கள். பைடன் பத்தில் ஜெயித்தார். கலிஃபோர்னியா, கொலராடோ, யூட்டா, சொந்த வெர்மான்ட் நான்கும் சாண்டர்ஸுக்கு. மினசோட்டாவிலும் மாசசூசெட்ஸிலும் பைடன் பிரச்சாரமே செய்யவில்லை என்று சொல்லலாம், இரண்டிலும் முதலிடம். 50 கோடி டாலருக்கு மேல் செலவழித்திருந்த ப்ளூம்பெர்குக்குக் கிடைத்த ஒரே வெற்றி அமெரிக்கன் சமோவா தீவு. மறுநாள் அவரும் விலகி பைடனை ஆதரித்தார்.

சாண்டர்ஸ் ஆதரவாளர்களின் நிரந்தரக் குறை, வாரன் அப்போதே விலகியிருந்தால் என்பது. எண்களைப் பார்க்கலாம். மாசசூசெட்ஸில் பைடன் 33, சாண்டர்ஸ் 27, வாரன் 21. வாரன் இல்லாமல் இருந்திருந்தால் சாண்டர்ஸ் ஜெயித்திருக்கலாம். டெக்ஸஸிலும் இழுபறி ஆகியிருக்கலாம். ஆனால் அங்கே ப்ளூம்பெர்க் வாங்கிய 14 சதவீதம் யாருடைய வீட்டிலிருந்து போனது? பெரும்பாலும் பைடன் வீட்டிலிருந்து. வாரனின் ஆதரவாளர்களும் மொத்தமாக சாண்டர்ஸிடம் போகிறவர்கள் இல்லை. படித்த நடுத்தர வர்க்கப் பெண்கள் பலருக்கு அவர் விலகியதும் பைடனே சரி என்று பட்டது. இன்னொரு பக்கம், தபாலிலும் முன்கூட்டியும் புட்டஜெஜ், க்ளோபுசாருக்கு ஏற்கெனவே விழுந்திருந்த ஓட்டுகள் வீணாயின. கூட்டிக் கழித்தால் வாரனால் சாண்டர்ஸ் சில மாநிலங்களை இழந்தார் என்று சொல்லலாம், போட்டியை இழந்தார் என்று சொல்ல முடியாது.

அதற்கு நல்ல சான்று மார்ச் 10 மிச்சிகன். ஸ்டையர் இல்லை, ப்ளூம்பெர்க் இல்லை, வாரன் இல்லை. கிட்டத்தட்ட நேருக்கு நேர். 2016இல் கிளின்டனை சாண்டர்ஸ் மயிரிழையில் வென்ற மாநிலம். இந்த முறை பைடன் 53, சாண்டர்ஸ் 36. மாநிலத்தின் 83 கவுண்டிகளிலும் பைடன் முதலிடம். 2016இல் சாண்டர்ஸ் வாங்கிய கிராமத்து, தொழிலாளர் ஓட்டுகளில் ஒரு பெரும்பகுதி அவருடைய சோஷலிசத்துக்கு விழுந்ததில்லை, ஹிலரி கிளின்டன் மேலிருந்த வெறுப்பில் விழுந்தது என்பது அன்றைக்குத் தெரிந்தது. நியூ ஹாம்ப்ஷயரில் 60 சதவீதம் வாங்கியவர் 26க்கு இறங்கியபோதே இதை யோசித்திருக்க வேண்டும். முதலிடம் என்ற தலைப்புச் செய்தி அதை மறைத்துவிட்டது.

அவர் சொன்ன இன்னொரு வாதமும் பொய்த்தது. ஓட்டே போடாத இளைஞர்களை அழைத்து வருவேன், வாக்குப்பதிவு எகிறும் என்றார். வாக்குப்பதிவு எகிறத்தான் செய்தது. வர்ஜீனியாவில் 2016இல் சுமார் 7.85 லட்சமாக இருந்தது 13 லட்சத்தைத் தாண்டியது. ஆனால் வந்தவர்களில் பெரும்பகுதி வாஷிங்டனைச் சுற்றியுள்ள புறநகர்க்காரர்கள், ட்ரம்பைப் பிடிக்காமல் கட்சி மாறியவர்கள். அங்கே பைடன் 53, சாண்டர்ஸ் 23.

மார்ச் நடுவில் கொரோனா வந்து கூட்டங்கள் நின்றன. பார்வையாளர்களே இல்லாத ஒரு கூடத்தில் இருவரும் மட்டும் விவாதித்தார்கள். பெண்ணைத் துணை அதிபர் வேட்பாளராக்குவேன் என்று பைடன் வாக்குக் கொடுத்தது அன்றுதான். ஏப்ரல் 8 சாண்டர்ஸ் நிறுத்திக்கொண்டார், சில நாளில் பைடனை ஆதரித்தார். ஆகஸ்டில் கமலா ஹாரிஸ் துணை வேட்பாளர். ஏற்புரையில் தன் சித்திமாரை நினைவுகூர்ந்ததும் வாட்ஸ்அப்பில் நம் ஆட்கள் செய்த அமர்க்களம் உங்களுக்கே ஞாபகம் இருக்கும்.

கடைசியாக, கேள்வியில் இல்லாவிட்டாலும் பலரும் அடுத்ததாகக் கேட்பது: இதே போல மறுபடி நடக்குமா? 2024க்கு ஜனநாயகக் கட்சி வரிசையையே மாற்றியது. அயோவாவைப் பின்னுக்குத் தள்ளி, தென் கரோலினாவுக்கு முதலிடம் கொடுத்தது, பிப்ரவரி 3. பைடன் கடனை அடைத்தார் என்று இதைப் படிக்கலாம். கறுப்பின வாக்காளர்களை ஏன் மூன்று மாநிலம் காக்க வைக்க வேண்டும் என்ற நியாயமும் அதில் உண்டு. நாட்டின் முதல் ப்ரைமரி எங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே வைத்திருக்கும் நியூ ஹாம்ப்ஷயர், கட்சியைப் பொருட்படுத்தாமல் ஜனவரி 23லேயே நடத்தியது. வாக்குச்சீட்டில் பைடன் பெயர் இல்லை. ஆதரவாளர்கள் கையால் எழுதி ஜெயிக்க வைத்தார்கள்.

ஆனால் அந்த ஆண்டு உண்மையான போட்டியே இல்லை. பலமான யாரும் எதிர்த்து நிற்கவில்லை. மிச்சிகனில் காஸா போர்க் கோபத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் 'யாருக்கும் இல்லை' என்ற கட்டத்தில் குத்தியது ஒன்றுதான் உரத்த எதிர்ப்பு. பைடனின் வயது என்ற கேள்வியை விவாத மேடையில் நிறுத்திப் பரிசோதிக்க வேண்டிய மாதங்களைக் கட்சி சும்மா கடத்தியது. அந்தச் சோதனை ஜூன் 27 அன்று ட்ரம்ப் எதிரில் நடந்தது. ஜூலை 21 பைடன் விலகினார். இரண்டு நாளுக்குள் பிரதிநிதிகளில் பெரும்பான்மையோர் ஹாரிஸ் பக்கம் வந்துவிட்டார்கள். 2019இல் அயோவா வரைகூட வர முடியாதவர், 2024இல் ஒரு ப்ரைமரி ஓட்டும் கேட்காமல் வேட்பாளர் ஆனார். 1968 ஹம்ஃப்ரிக்குப் பிறகு அப்படி ஆனவர் வேறு யாரும் இல்லை, அந்த ஆண்டு மாநாடு நடந்ததும் அதே சிகாகோவில்தான். இதற்குத்தான் 'மேலிடம் முடிவு செய்தது' என்ற வார்த்தை ஓரளவு பொருந்தும். 2020க்குப் பொருந்தாது.